பிக் ஹீரோ 6-ஆ, தி அயர்ன் ஜயன்ட்டா: பிள்ளைகளுக்கு எதைப் போடலாம்?

இரண்டும் அனிமேஷன் படங்கள்; ரோபோ நண்பனை இழந்துவிடக் கூடாதே என்று சிறுவன் துடிக்கும் கதைதான் இரண்டும். எதை முதலில் காட்டுவது?

நேரம்: பிக் ஹீரோ 6 (2014) 102 நிமிடம். அயர்ன் ஜயன்ட் (1999) ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

சாகசம்: முன்னதில் ஆறு பேர் அணி, கவச உடை, ஊர்மேல் பறத்தல் எல்லாம் உண்டு. பின்னதில் பெரிய சண்டை கடைசியில்தான். துறுதுறுப்பான பிள்ளை நடுவிலேயே எழுந்து போய்விடலாம்.

மனம் கலங்கும் இடம்: இதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். பிக் ஹீரோவில் சீக்கிரமே, சிறுவன் ஹிரோவின் அண்ணன் ததாஷி தீவிபத்தில் இறந்துவிடுகிறான். அப்போது பக்கத்திலேயே இருங்கள். பிறகு ஹிரோ, ரோபோவுக்குள் அண்ணன் வைத்த பச்சைச் சிப்பைப் பிடுங்கியதும், பஞ்சுமூட்டை போன்ற அந்த ரோபோ பேமேக்ஸின் கண் சிவந்து ஆளையே கொல்லப் பாய்கிறது. சின்னவர்கள் மிரள்வது அங்கேதான். அயர்ன் ஜயன்ட்டில் வேட்டைக்காரர் சுட்ட மான் செத்துக் கிடக்கும். முடிவில் அணு ஏவுகணை.

விளக்கம்: அயர்ன் ஜயன்ட் நடப்பது 1957 அமெரிக்காவில். ஸ்புட்னிக் (அந்த ஆண்டு சோவியத் யூனியன் ஏவிய செயற்கைக்கோள்), அணுகுண்டு பயம் பற்றி இரண்டு வரி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிக் ஹீரோவுக்கு எதுவும் தேவையில்லை.

கலகலப்பு கேட்கும் ஆறேழு வயதுக்கு பிக் ஹீரோ 6. ‘ஏன், எதற்கு’ என்று துளைக்கும் ஒன்பது வயதுக்கு அயர்ன் ஜயன்ட்.