மாஸ்க் ஆஃப் தி பிட்ரேயர்: கும்பிடாதவனைச் சுவரில் வைத்துப் பூசும் உலகம்

'நெவர்விண்டர் நைட்ஸ் 2' கேமுக்கு அப்சிடியன் நிறுவனம் 2007-ல் கொடுத்த விரிவாக்கம் இது. பழசுதான், கேமரா இன்னமும் உயிரை வாங்குகிறது, சண்டை சூடு பிடித்தால் யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியாது. ஆனாலும் மூன்றாவது தடவையாக உட்கார்ந்து முடித்துவிட்டேன். காரணம் ஒரு சுவர்.

கதை நடப்பது ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகத்தில். அங்கே பூசாரி மந்திரம் சொன்னால் கண்ணெதிரே காயம் ஆறுகிறது, அதனால் 'கடவுளே இல்லை' என்று வாதாட வழியில்லை. அப்புறம் நாத்திகன் என்னதான் சொல்வான்? 'இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு நான் ஏன் கும்பிட வேண்டும்?' என்பான். அந்த ஒரு கேள்விக்குத்தான் தண்டனை: எந்தச் சாமியையும் ஏற்காமல் செத்தவனின் ஆன்மாவைச் செங்கல் மாதிரி சுவரில் வைத்துப் பூசிவிடுகிறார்கள், அவன் அங்கேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இல்லாமலே போய்விடுகிறான். கொலைகாரனாகவே இருந்தாலும் சரி, ஏதோ ஒரு கொடூரமான சாமியை மனதாரக் கும்பிட்டிருந்தால் அவனுக்குப் போக்கிடம் உண்டு. அந்த உலகத்தில் சாமிகளின் பலமே பக்தியில்தான் இருக்கிறது என்பதால் இதை நீதி என்பதைவிட மிரட்டல் வசூல் என்பதுதான் பொருந்தும்.

சுவரைக் கட்டிய மிர்குல் ஒருகாலத்தில் மரணத்தின் கடவுள், இப்போது அவனே செத்துக் கிடக்கிறான். ஆஸ்ட்ரல் என்ற வேற்று வெளியில் கிடக்கும் அந்தச் செத்த சாமியோடு நாம் பேசுகிற காட்சிக்காகவே இதை வாங்கலாம். ஆவிகளைத் தின்றால்தான் நம் பாத்திரம் பிழைக்கும் என்பது சாபம், மனசு வைத்தால் அவனையும் தின்று தீர்க்கலாம். (அந்தப் பசி மீட்டர் மட்டும் சரியான தொல்லை, நிம்மதியாக ஊர் சுற்றக்கூட விடாது.)

சுவரை எதிர்த்து அதிகம் கொதிப்பவள் நாத்திகி இல்லை, கேலின் என்ற அரைத் தேவதை. இன்றைய மரணக் கடவுள் கெலெம்வோரின் பூசாரியாக இருந்து, இந்த அநியாயம் பொறுக்காமல் வெளியேறியவள். அவளோடு சேர்ந்து படையெடுக்கலாம், ஆனால் சுவரை இடித்துத் தள்ள எந்த முடிவிலும் வழி வைக்கவில்லை. முதல் தடவை எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மூல கேமில் நம்மோடு சுற்றிய பிஷப் என்பவனை அந்தச் சுவருக்குள்ளேயே பார்த்துப் பேசிவிட்டு, அவனை அங்கேயே விட்டுத் திரும்பினேன்.