இலங்கைப் பிரஜாவுரிமை: துறப்பதா, விட்டுவிடுவதா, இரட்டையாக வைத்திருப்பதா?

வெளிநாட்டுக் குடியுரிமை கிடைக்கப்போகிறது என்றதும் துறப்புப் படிவத்தைத் தேடாதீர்கள். பெரும்பாலானோருக்கு அது தேவையே இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 20ஆம் பிரிவு: வம்சாவளிப் பிரஜை (பெற்றோர் வழியாக உரிமை பெற்றவர்) தானாக விரும்பி வேறு நாட்டுப் பிரஜையானால் இலங்கை உரிமை தானாகவே போய்விடும். கடவுச்சீட்டு காலாவதியாக இன்னும் நாள் இருக்கிறது என்பது உதவாது.

18ஆம் பிரிவுத் துறப்பு, புதிய நாடு கேட்டால் மட்டும். சிங்கப்பூர் கேட்கும். ஜெர்மனி 2024 ஜூன் 27 முதல் கேட்பதில்லை; அதற்கு முந்திய உறவினர் அனுபவத்தை நம்பிப் படிவம் நிரப்பவேண்டாம். துறப்புப் பிரகடனம் பதிவானதும் உரிமை முடிந்துவிடும். புதிய நாட்டின் எழுத்துமூல உறுதி கையில் இல்லாமல் பதிந்தால், இடையில் எந்த நாட்டுக்கும் உரியவரில்லாமல் நிற்கவேண்டி வரும்.

இரட்டைப் பிரஜாவுரிமைதான் யாழ்ப்பாணத்தில் காணி, பெற்றோர் உள்ளவர்களுக்கு நாங்கள் சொல்லும் வழி. 19ஆம் பிரிவில் இரண்டு கதவுகள்: வெளிநாட்டுக் குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்துக்கு முதல் விண்ணப்பித்தால் தக்கவைத்தல், பிறகென்றால் மீளப்பெறல். முதலாவதே நல்லது. மீளப்பெறும்வரை ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு அந்தப் பெற்றோர் வழியாக வம்சாவளி உரிமை வராது.

விண்ணப்பம் இழுபடும் இடம் பெயர். எங்கள் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் பிள்ளையின் பெயர் ஒரு கட்டத்தில், தகப்பனின் பெயர் வேறு கட்டத்தில். குடும்பப்பெயர் என்று தனிக் கட்டம் இல்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டிலோ தகப்பனின் பெயரே குடும்பப்பெயர். பெண்களுக்குக் கணவனின் பெயரும் சேரும். மூன்று பத்திரத்தில் மூன்று பெயர் என்றால், ஒருவரே என்ற சத்தியக்கடதாசியை முதலிலேயே இணையுங்கள்.

காணியில்தான் வித்தியாசம் பெரிது. உரிமை போனாலும் ஏற்கனவே உங்கள் பெயரில் உள்ள காணி உறுதி (பத்திரம்) செல்லும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடுப்பது வெளிநாட்டவர் காணியைப் புதிதாகப் பெறுவதை. தகப்பன் மகளுக்கு நன்கொடையாக எழுதும் முதுசக் காணிக்கு விலக்கு உண்டு. ஆனால் அதே வளவில் அண்ணனின் பங்கைக் காசு கொடுத்து வாங்க முடியாது. இரட்டைப் பிரஜைக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் பாராளுமன்றத்துக்குப் போட்டியிட, 2022இன் 21ஆவது திருத்தத்துக்குப் பிறகு, அவருக்கு இடமில்லை.