"சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி" என்று சொன்னால் பணத்தை எடுக்காதீர்கள்

போன வாரம் ஒரு தோழி வீட்டுக்கு வந்தார். புதிதாக வாங்கிய ரிவால்வரைப் பெட்டியோடு சாப்பாட்டு மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு விற்ற அதே வகை. எந்தக் கடை என்று கேட்டேன், அதே கடை. என்ன சொல்லி விற்றார்கள் என்று கேட்டேன், அதே வார்த்தைகள்: "பெண்களுக்கு இதுதான் சரி. சின்னக் கை, சின்னத் துப்பாக்கி. கைப்பையில் போட்டுக்கொண்டால் போதும்."

அப்போதே எழுதியிருக்க வேண்டும். இப்போதாவது எழுதுகிறேன்.

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து டல்லஸுக்கு வடக்கே சின்னதாக ஒரு பலகாரக் கடை வைத்திருக்கிறேன். இரவு ஒன்பதரைக்குக் கடையைச் சாத்தி, அன்றைய வசூலை எடுத்துக்கொண்டு தனியாகக் காருக்கு நடப்பேன். ஒரு நாள் எங்கள் வரிசையிலேயே இன்னொரு கடைக்காரரை வண்டி நிறுத்தும் இடத்தில் மடக்கிப் பணத்தைப் பிடுங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு நானும் என் வீட்டுக்காரரும் பல நாள் பேசித்தான் துப்பாக்கி வாங்குவது என்று முடிவெடுத்தோம். இந்த முடிவு எல்லோருக்கும் சரிப்படும் என்று நான் சொல்லவில்லை. வாங்குவது என்று தீர்மானித்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை எதுவும் இல்லாத, 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை உடன் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் உரிமம் வேண்டும். உரிமத்துக்கு வகுப்பும் சுடும் தேர்வும் உண்டு. இப்போது யாரும் எதையும் கற்றுக்கொடுக்காமலே துப்பாக்கி இடுப்புக்கு வந்துவிடுகிறது. முதல் முறை வாங்குகிறவருக்குக் கடையில் நிற்கும் விற்பனையாளர்தான் வாத்தியார். நான் மாட்டிக்கொண்டது அங்கேதான்.

அந்த விற்பனையாளர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இதற்கு முன் சுட்டிருக்கிறீர்களா, வீட்டில் குழந்தைகள் உண்டா, பெல்ட் கட்டும் உடை போடுவீர்களா, எதுவும் இல்லை. நான் கடைக்குச் சுடிதாரில் போகிறவள், விசேஷ நாட்களில் சேலை. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, ஐந்து தோட்டா கொள்ளும் ஒரு ரிவால்வரை என் உள்ளங்கையில் வைத்தார். இறகு மாதிரி இருந்தது. பதினைந்து அவுன்ஸ், அதாவது சுமார் 425 கிராம். குழல் இரண்டு அங்குலம்கூட இல்லை. பிஸ்டலைக் காட்டச் சொன்னேன். "அதன் ஸ்லைடை உங்களால் இழுக்க முடியாது" என்றார். ஸ்லைடு என்பது பிஸ்டலின் மேல் பாகம், அதைப் பின்னால் இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா ஏறும். இழுத்துப் பார்க்கக்கூட விடவில்லை. 450 டாலர் கட்டினேன். அதோடு இருபத்தைந்து டாலருக்கு "எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தும்" என்று ஒரு நைலான் உறை, பிளஸ்-பி என்கிற கூடுதல் அழுத்தத் தோட்டா இரண்டு பெட்டி.

ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் இடத்தில், முதல் தோட்டாவிலேயே தெரிந்துவிட்டது. அந்த ரிவால்வரில் தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல் உள்ளே மறைந்திருக்கும். ஒவ்வொரு முறையும் விசையை (ட்ரிக்கரை) முழு நீளத்துக்கு இழுத்துத்தான் சுட வேண்டும். அதற்குப் பன்னிரண்டு பவுண்டு, ஐந்தரை கிலோ போல, விரல் பலம் வேண்டும். அரைக் கிலோகூட இல்லாத ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு ஒரே விரலால் ஐந்தரை கிலோவை இழுத்துப் பாருங்கள். குறி எங்கே நிற்கும்? வெடித்ததும் அந்த உதை அப்படியே கைக்குத்தான் வந்தது. துப்பாக்கியின் எடைதான் உதையைத் தாங்கிக்கொள்கிறது. எடை இல்லாவிட்டால் கைதான் தாங்க வேண்டும். இதில் கூடுதல் அழுத்தத் தோட்டா வேறு. பத்தாவது தோட்டாவில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் பிய்ந்தது. இருபத்தொரு அடியில் இருந்த காகிதத்தில் பத்துக்கு நான்கு பட்டிருந்தது, நான்கும் நான்கு மூலையில். பெட்டியை மூடி வீட்டுக்கு வந்தவள் ஒரு மாதம் அதைத் தொடவே இல்லை.

ஒரு விஷயம் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ரிவால்வரில் பழுது ஒன்றும் இல்லை. பல வருடம் பழகிய கைகளுக்கு அது நல்ல கருவி. பழகாத என் கையில் அதைத் திணித்ததுதான் தப்பு.

அப்புறம் ரேஞ்சில் ஒரு பயிற்சியாளர் அம்மாவிடம் வகுப்புக்குச் சேர்ந்தேன். வயது அறுபதுக்கு மேல். என் நைலான் உறையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ரிவால்வரைக் காலி செய்து, தோட்டா வைக்கும் உருளையை எனக்கும் காட்டி, உறைக்குள் வைத்தார். சுவரை நோக்கிப் பிடித்துக்கொண்டு, உறைக்கு வெளியே இருந்து துணியின் மேல் ஒரு விரலை வைத்து அழுத்தினார். துணி விசை வளையத்துக்குள் மடிந்து போனது. மெல்ல உள்ளே உருளை திரும்பும் சத்தம், அப்புறம் "டக்". அவர் விரல் விசையைத் தொடவே இல்லை. உறையின் முதல் வேலையே விசையை மூடிக் காப்பதுதான், இது அதைச் செய்யவில்லை என்றார். கைடெக்ஸ் என்கிற கெட்டியான பிளாஸ்டிக்கில், அந்தத் துப்பாக்கிக்கென்றே வார்த்த உறை வேண்டுமாம். பெல்ட் இல்லாத உடைக்கு வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலப் பட்டை உண்டு. அதிலும் கெட்டியான விசை மூடி வைத்த வகையைத்தான் வாங்கச் சொன்னார். இவ்வளவையும் கடையில் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

கைப்பை பற்றி அவர் சொன்னது இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. 2014 டிசம்பர் 30 அன்று, ஐடஹோ மாநிலம் ஹேடன் என்ற ஊரில், ஒரு தாய் இரண்டு வயது மகனைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்துக் கடையில் பொருள் வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கைப்பை. அது சாதாரணப் பையும் அல்ல, துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்தது. குழந்தை அதைத் திறந்து எடுத்துவிட்டது. குண்டு பட்டுத் தாய் அங்கேயே இறந்துபோனார். எனக்கு ஆறு வயது மகள் இருக்கிறாள். மிட்டாய் தேடி என் கைப்பைக்குள் கைவிடாத நாளே கிடையாது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ரிவால்வரைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். "கைப்பையில் போட்டுக்கொண்டால் போதும்" என்று சொன்னவரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனேன். திருப்பி எடுப்பதில்லை என்று சுவரில் எழுதியே போட்டிருக்கிறார்கள். 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து கைக்கு வந்த அந்த நிமிடமே அது பழைய துப்பாக்கி ஆகிவிடுகிறது. பெரும்பாலான கடைகளில் இதே விதிதான். மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். நான் 450 கொடுத்ததற்கு 190 டாலர் கணக்கு வைத்து, "புதுசு மாதிரி" என்று ஒரு பழைய காம்பாக்ட் 9 எம்எம் பிஸ்டலைக் கொடுத்தார்கள். அதில் நைட் சைட் இருக்கிறது, இருட்டிலும் குறி ஒளிரும் என்று தொண்ணூறு டாலர் கூடுதல். நல்லவேளை, விலைச்சீட்டை போனில் படம் எடுத்து வைத்திருந்தேன்.

அன்றிரவு குளியலறைக் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, காலி பிஸ்டலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் காத்திருந்தேன். முன்னால் மட்டும் ஒரு மங்கல் புள்ளி, அதுவும் இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகத்தோடு. மறுநாள் பயிற்சியாளர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். குறியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 98 என்று பொறித்திருந்தது, அதாவது 1998-ல் செய்தது. அந்த ஒளி ட்ரிடியம் வாயுவால் வருவது. ட்ரிடியம் பன்னிரண்டு வருடத்துக்குச் சற்று மேல் ஆனால் பாதியாகிவிடும், இன்னொரு பன்னிரண்டில் கால்வாசி. கால் நூற்றாண்டு பழைய ஒளிக்கு நான் தொண்ணூறு டாலர் கொடுத்திருக்கிறேன். அந்தப் பிஸ்டல் முப்பது தோட்டாவில் நான்கு முறை சிக்கியது. உந்து ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. கூட வந்த ஒரே ஒரு மேகசினும் (தோட்டா நிரப்பிப் பிடிக்குள் செருகும் பெட்டி) அந்தக் கம்பெனியுடையது அல்ல.

மறுபடி கடைக்குப் போனேன். வரிசை எண்ணை வைத்து, கம்பெனி இதைத் திரும்பப் பெறச் சொல்லியிருக்கிறதா என்று பார்த்தீர்களா என்று கேட்டேன். அப்படி இருந்தால் அரசாங்கமே எங்களுக்குச் சொல்லியிருக்கும் என்றார் அந்த ஆள். இது சுத்தப் பொய். அமெரிக்காவில் மிக்ஸியையும் தொட்டிலையும் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. துப்பாக்கியை மட்டும் சட்டமே அதன் கைக்கு எட்டாமல் வைத்திருக்கிறது. கம்பெனிகள் தாங்களாக அறிவித்தால்தான் உண்டு. ரூகர் எல்சிபி 2008-ல், ஸ்பிரிங்ஃபீல்ட் எக்ஸ்டி-எஸ் 2013-ல், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 9 எம்எம் ஷீல்டு ஈஸி 2020-ல் என்று அப்படி அறிவித்தவை. மூன்றுமே மறைத்து வைத்துக்கொள்ள வாங்கும் சின்னத் துப்பாக்கிகள். பழையதாக வாங்கினால் வரிசை எண்ணைக் கம்பெனியின் தளத்தில் நீங்களேதான் தட்டிப் பார்க்க வேண்டும். என் பிஸ்டலுக்கு அறிவிப்பு எதுவும் இல்லை, ஆனால் அதைத் தேடிப் பார்த்தது நான், கடை அல்ல.

விலைச்சீட்டின் படத்தைக் காட்டிச் சண்டை போட்டதில் தொண்ணூறு டாலர் திரும்பி வந்தது. "புதுசு மாதிரி" என்று வாயால் சொன்னதற்கு ரசீதில் ஆதாரம் இல்லை, அதனால் அதற்கு மேல் ஒரு சென்ட்கூடப் பெயரவில்லை.

கடைசியில் செய்ததை முதலிலேயே செய்திருக்கலாம். ரேஞ்சில் வாடகைக்குத் துப்பாக்கி தருகிறார்கள். ஒரு சனிக்கிழமை சிக் பி365, க்ளாக் 43எக்ஸ், ஷீல்டு பிளஸ் என்ற மூன்று சின்னப் பிஸ்டல்களையும் அடுத்தடுத்துச் சுட்டேன். மூன்றும் காலியாக அரைக் கிலோவை ஒட்டிய எடை, பத்துத் தோட்டாவாவது கொள்ளும். ஸ்லைடை இழுக்கும் வித்தையைப் பயிற்சியாளர் சொன்னார்: பிஸ்டலை நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மேல் கையால் ஸ்லைடை இறுகப் பிடித்து, கீழ்க் கையால் பிடியை முன்னால் தள்ள வேண்டும். முதல் தடவையே வந்துவிட்டது. உங்களால் முடியாது என்று சொன்ன அதே வேலை! என் கைக்கு க்ளாக் 43எக்ஸின் நீளப் பிடி ஒத்துவந்தது, சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கவில்லை. உங்களுக்கு வேறு ஒத்துவரலாம். சுட்டுப் பார்க்காமல் சொல்லவே முடியாது. இப்போது கட்டாயம் இல்லாவிட்டாலும் உரிமத் தேர்வையும் எழுதினேன். மூன்று, ஏழு, பதினைந்து கஜத்தில் மொத்தம் 50 தோட்டா, 250-க்கு 175 வந்தால் தேர்ச்சி. எனக்கு 231.

என் தோழி விஷயத்தில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. அவர் பச்சை அட்டைக்காரர், அதாவது இங்கே நிரந்தரமாக வசிக்க அனுமதி பெற்றவர், அவர் வாங்கலாம். அவருடைய தம்பி ஹெச்-1பி என்கிற வேலை விசாவில் கூடவே இருக்கிறார். "தம்பியும் சுட்டுப் பழகட்டும்" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஹெச்-1பி, படிக்க வருகிறவர்களுக்கான எஃப்-1 மாதிரி விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் சேரும். ஒரு சனிக்கிழமை ஆசைக்கு அந்தப் பிள்ளையின் விசாவும் வேலையும் போயிருக்கும். பெட்டகச் சாவியும் எண்ணும் தம்பிக்குத் தெரியவே கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

தோழி அந்த ரிவால்வரை இன்னும் ஒரு தடவைகூடச் சுடவில்லை. நைலான் உறையை என்னிடமே விட்டுவிட்டுப் போய்விட்டார். வரும் ஞாயிறு காலை ரேஞ்சுக்குக் கூட்டிப் போகிறேன், பயிற்சியாளர் அம்மாவிடம் சொல்லி வைத்தாகிவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மூன்று பிஸ்டல் வாடகைக்குக் கேட்டிருக்கிறேன்.