பழைய எலெக்-டிராக் புல்வெட்டி டிராக்டர்: வாங்கலாமா, கிளம்பாவிட்டால் எங்கே கை வைப்பது?

ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1969-இல் சந்தைக்குக் கொண்டுவந்த எலெக்-டிராக், பேட்டரியில் ஓடும், பெட்ரோல் வாசனையே இல்லாத புல்வெட்டி டிராக்டர். 1970-களின் நடுவில் அந்த நிறுவனம் அதன் தயாரிப்பை நிறுத்தியது. ஆனாலும் அமெரிக்காவில் பழைய வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. 'ஓடவில்லை, உதிரிக்கு மட்டும்' என்று சொல்லி மலிவாகத் தள்ளிவிடுவார்கள். அப்படி வருவதில் மோட்டார் உண்மையிலேயே போனது அபூர்வம். பேட்டரி, இணைப்பு, சுவிட்ச் இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம்.

வண்டியின் அமைப்பு எளிமையானது. ஆறு 6 வோல்ட் பேட்டரிகள் வரிசையாக இணைந்து 36 வோல்ட் தரும். கோல்ஃப் வண்டிக்குப் போடும் அதே பேட்டரிதான். ஒன்று ஏறக்குறைய 28 கிலோ. கார் பேட்டரியைப் போட்டு ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். அதன் மெல்லிய தகடுகள் சார்ஜ் இப்படி ஆழமாக வடிவதைத் தாங்காது.

சோதிக்கும் முன் பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள், பிளேடுகள் இருக்கும் வெட்டும் தட்டின் பிளக்கைக் கழற்றுங்கள், மோதிரமும் கைக்கடிகாரமும் வேண்டாம். 36 வோல்ட் ஷாக் அடிக்காது என்ற தைரியத்தில் இருப்பவர்கள், ஸ்பேனர் பேட்டரி முனைகளுக்குக் குறுக்கே விழுந்தால் அது பழுத்து உருகும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இனி காதைத் தீட்டுங்கள். இருக்கையில் ஆள் உட்கார்ந்து, பெடலையும் லீவரையும் கையேட்டில் சொன்ன நிலையில் வைத்துச் சாவியைத் திருப்பும்போது 'டக்' என்று கான்டாக்டர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் மின்காந்த சுவிட்ச்) ஒட்டும் சத்தம் வருகிறதா?

சத்தமே இல்லையென்றால் கோளாறு கட்டுப்பாட்டுச் சுற்றில். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி வரிசையின் கடைசி நெகட்டிவில் வைத்துவிட்டு, சிவப்பு முனையைப் பியூஸ், சாவி, இருக்கை சுவிட்ச், பெடல் சுவிட்ச், கான்டாக்டர் காயில் என்று ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். எந்த இடத்தைத் தாண்டியதும் 36 வோல்ட் காணாமல் போகிறதோ அங்கேதான் பழுது. மழையில் கிடந்த வண்டியில் பெரும்பாலும் இருக்கை சுவிட்ச்தான் மாட்டும். அதற்காக அதை நிரந்தரமாக ஒயரால் பாலம் போட்டுவிடாதீர்கள். இருக்கையிலிருந்து எழுந்தால் பிளேடை நிறுத்துவதற்கென்றே இருக்கும் சுவிட்ச் அது. பழைய உரிமையாளர் ஏற்கெனவே பாலம் போட்டிருக்கிறாரா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

'டகடக'வென்று அடித்துக்கொண்டால் மின்னழுத்தம் சரிகிறது. பலரும் ஏமாறுவது இங்கேதான். சும்மா நிற்கும்போது மொத்தம் 38 வோல்ட் காட்டும், பேட்டரி நன்றாக இருக்கிறது என்று மோட்டாரைப் பிரிக்கப் போய்விடுவார்கள். சுமை ஏற்றித்தான் அளக்க வேண்டும். ஒருவர் கிளப்ப முயல, மற்றவர் ஒவ்வொரு பேட்டரியாக மீட்டர் வைக்கட்டும். ஐந்து 6 வோல்ட் பக்கத்தில் நிற்க, ஒன்று மட்டும் 4-க்கு விழுந்தால் அதில் ஓர் அறை (செல்) செத்துவிட்டது. பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரிலும் தெரியும்: முழு சார்ஜில் அறைக்கு 1.265-ஐ ஒட்டி இருக்க வேண்டியது, ஓர் அறையில் மட்டும் 0.050 அளவுக்குக் குறைந்திருக்கும். செட் புதியதென்றால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். நாலைந்து வயதானதென்றால் ஆறையும் மாற்றுவதே புத்திசாலித்தனம். புது செட் போட்டும் மொத்தம் 25 வோல்ட்தான் வருகிறதா? ஒரு பேட்டரியைத் தலைகீழாக இணைத்திருக்கிறீர்கள்.

பேட்டரி நல்லது, ஆனாலும் சரிகிறது என்றால் கேபிள்களைப் பாருங்கள். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பதைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவுங்கள். கரைசல் பேட்டரிக்குள் போகாதபடி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். பிறகு மோட்டார் சுற்றும்போது ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் மீட்டரை வையுங்கள். சில பத்து மில்லிவோல்ட் காட்டினால் பரவாயில்லை. அரை வோல்ட் காட்டினால் அந்த முனையைக் கழற்றித் தேய்த்து இறுக்க வேண்டும். தொட்டால் சுடும் இணைப்பு மீட்டர் இல்லாமலே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

'டக்' என்று ஒருமுறை ஒட்டியும் மோட்டார் அசையாவிட்டால், கான்டாக்டரின் தொடுமுனைகள் கருகியிருக்கலாம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மெல்லிய அரத்தால் லேசாகத் தேய்த்தால் போதும். அங்கேயும் சரியென்றால் மோட்டாரின் கார்பன் பிரஷ், அதாவது சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு. கூட்டில் சிக்கி நிற்கிறதா, ஸ்பிரிங் அழுத்துகிறதா என்று விரலால் தள்ளிப் பார்க்கலாம். பிரஷ் உரசும் செப்பு உருளையான கம்யூடேட்டரைத் தேய்க்க நைசான மணல் உப்புத்தாள்தான் சரி. எமரித் தாள் வேண்டவே வேண்டாம், அதன் துகள் செப்புப் பட்டைகளுக்கு நடுவே புகுந்து மின்சாரத்தைக் கடத்தும்.

மோட்டார் சுற்றியும் சக்கரம் நின்றால் பெல்ட் தளர்ந்திருக்கும், சின்ன வேலை.

மீட்டர் பிடிக்கத் தெரிந்தவருக்கு இது நல்ல வாங்கல். ஒயரிங் திறந்தவெளியில், கையெட்டும் இடத்தில் இருக்கிறது. கணினிப் பலகை எதுவும் இல்லை. பெரிய மாடல்களில் பிளேடுக்கு ஒன்றாகத் தனி மோட்டார், ஒன்று போனாலும் மற்றவை ஓடும். குறை என்றால் செலவு: ஆறு பேட்டரியின் விலை பல சமயம் வண்டி விலையையே தாண்டும். அதனால் 'பேட்டரி மட்டும்தான் போச்சு' என்று விற்பவர் சொன்னால், அந்தத் தொகையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும். பேட்டரித் தட்டில் அமிலம் வழிந்து இரும்பு பொத்தலாகியிருந்தால் மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.