ஆடி மாதம், 62 சீன், ஒரு ஃபவுண்டன்

ஆடி பிறந்துவிட்டால் கோடம்பாக்கத்தில் யாரும் பூஜை போட அவசரப்பட மாட்டார்கள். கதை சொல்ல நேரம் கேட்டால், "ஆவணியில பாக்கலாம்மா" என்று பதில் வரும். என்னைப் போன்ற உதவி இயக்குநர்களுக்குக் கை காய்கிற மாதம் அது. இந்த 2025 ஆடியை எழுதியே கழித்துவிடுவது என்று நண்பர்கள் ஐந்து பேர் பேசி முடிவெடுத்தோம். ஆடி 1, அதாவது ஜூலை 17 அன்று தொடங்கி, ஆடி 31, ஆகஸ்ட் 16-க்குள் ஆளுக்கு ஒரு முழுத் திரைக்கதை. முதல் டிராஃப்ட் போதும். தினமும் இரவு பத்து மணிக்கு, இன்று எந்த சீன் முடிந்தது, நாளை எந்த சீன் என்று ஐந்து பேரும் சொல்லியாக வேண்டும். இவ்வளவுதான் ஒப்பந்தம்.

எதில் எழுதுவது என்பதில்தான் முதல் சிக்கல். ஒருவரிடம் பழைய லேப்டாப், ஒருவரிடம் மேக், திருநெல்வேலியில் இருக்கும் ஆசிரியத் தம்பியிடம் போன் மட்டும். விலை கொடுத்து மென்பொருள் வாங்கும் நிலையில் யாரும் இல்லை. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று வேண்டும், ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் அப்படியே திறந்து படிக்க முடிய வேண்டும். அப்படித் தேடித்தான் ஃபவுண்டனுக்கு வந்தோம். ஒரு மாதம் முழுக்கத் தமிழிலேயே எழுதிப் பார்த்தாகிவிட்டது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஃபவுண்டன் என்பது ஓர் எழுத்து முறை. சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் சில குறிகளை வைத்து, இது சீன் தலைப்பு, இது பாத்திரத்தின் பெயர், இது வசனம் என்று கணினிக்குப் புரிகிற மாதிரி எழுதுவது. ஹாலிவுட் திரைக்கதையாசிரியர் ஜான் ஆகஸ்டும் ஸ்டூ மாஷ்விட்ஸும் தனித்தனியே செய்துவந்ததை ஒன்றாக்கி 2012-இல் வெளியிட்டார்கள். காசு கிடையாது. போனில் உள்ள நோட்ஸில் எழுதினாலும் போதும். ஃபவுண்டன் தெரிந்த ஏதாவது ஒரு செயலியில் அந்த ஃபைலைத் திறந்தால் திரைக்கதை வடிவத்தில் அதுவே அடுக்கிக் காட்டும்.

இது ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்தது. அங்கே ஒரு வரியை முழுக்கப் பெரிய எழுத்தில் அடித்தால் அது பாத்திரத்தின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று ஏது? முதல் நாள் இரவு இந்த இடத்தில்தான் ஐந்து பேரும் முட்டிக்கொண்டு நின்றோம். வழி ஃபவுண்டனிலேயே இருக்கிறது. பெயருக்கு முன்னால் @ போட்டால் அது பாத்திரம். வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால் அது சீன் தலைப்பு. நான் எழுதிய முதல் சீன் இப்படித் தொடங்கியது:

.உள். டீக்கடை - விடியற்காலை

= செல்வி கடனுக்கு முதல் முறையாக இல்லை என்கிறாள்.

செல்வி பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்குகிறாள். வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம்.

@செல்வி
(திரும்பாமல்)
இன்னைக்கும் கடன்தானாண்ணே?

@மாடசாமி
நாளைக்குச் சேத்துக் குடுத்துர்றேன் தாயி.

இதில் = போட்ட வரி சுருக்கம். அச்சில் வராது, எழுதுகிறவருக்கு மட்டும். இந்த ஒரு குறிதான் எங்கள் மாதத்தையே காப்பாற்றியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

@ பழக எனக்கு இரண்டு நாள் ஆனது. தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பவள் நான். ஒவ்வொரு பெயருக்கும் ஷிஃப்டைத் தேடுவது முதலில் தடங்கலாக இருந்தது, மூன்றாம் நாள் விரல் தானாகவே போனது. போனில் அடிக்கும் தம்பி வேறு வழி கண்டுபிடித்தார். எழுதும்போது பெயரை மட்டும் போட்டுவிட்டு, இரவு உட்கார்ந்து எல்லாப் பெயருக்கும் ஒரே மூச்சில் @ சேர்த்துவிடுவார்.

இன்னொரு தொல்லையையும் சொல்ல வேண்டும். இதே வழியில் வருகிறவர்களுக்கு ஒரு நாளாவது மிச்சமாகும். நாங்கள் முதலில் எடுத்த ஓர் இலவசச் செயலியில், நடப்பை விவரித்து எழுதிய வரிகளெல்லாம் பாத்திரத்தின் பெயராக மாறி நடுப்பக்கத்துக்குப் போய்விட்டன. "மழை கொட்டுகிறது" என்பது ஒரு பாத்திரம், அடுத்த வரி அது பேசும் வசனம்! ஏன் என்று நோண்டிப் பார்த்ததில் காரணம் புரிந்தது. அந்தச் செயலி ஒவ்வொரு வரியையும் பெரிய எழுத்துக்கு மாற்றிப் பார்க்கிறது. மாற்றிய பிறகும் வரி அப்படியே இருந்தால், இது ஏற்கெனவே பெரிய எழுத்தில்தான் இருக்கிறது, ஆகவே பாத்திரம் என்று முடிவு செய்கிறது. தமிழில் எந்த வரியும் மாறாதே. அதனால் அதன் கண்ணுக்கு எல்லா வரியும் பாத்திரம்.

இதற்கு மருந்து சுலபம். விவரணையில் ஒரு பத்தியை நடுவில் எண்டர் தட்டாமல் ஒரே ஓட்டமாக எழுதி, கீழே ஒரு வரி வெற்றிடம் விட வேண்டும். பாத்திரத்தின் பெயருக்குக் கீழே வெற்றிடம் இருக்கக் கூடாது என்பது ஃபவுண்டன் விதி, அதனால் வெற்றிடம் விட்டால் குழப்பம் வராது. அடுத்தடுத்த வரிகளாகத்தான் எழுதுவேன் என்பவர்கள் முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டுக்கொள்ளலாம். அதைப் பார்த்தால் விவரணை என்று எடுத்துக்கொள்ளும். நாங்கள் அந்தச் செயலியையும் மாற்றிவிட்டோம். ஃபைல் டெக்ஸ்டாகவே இருப்பதால் மாற்றுவதில் எந்தச் சேதாரமும் இல்லை, ஏற்கெனவே எழுதிய சீன்கள் புதிய செயலியில் அப்படியே திறந்தன. இதுதான் ஃபவுண்டனின் பெரிய பலம் என்பேன். செயலி போனாலும் எழுத்து நம் கையில் இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் டிடிபி கடையில் கொடுத்து ஏதோ ஒரு ஃபாண்ட்டில் அடித்து வாங்கிய என் முதல் திரைக்கதை இன்று திறந்தால் எழுத்தெல்லாம் சிதறிக் கிடக்கிறது. அந்த வலி தெரிந்தவள் சொல்கிறேன்.

அடுத்து அளவு. அமெரிக்காவில் ஸ்கிரிப்ட் ஃப்ரென்ஸி என்று ஒரு மாதச் சவால் நடந்துவந்தது. 2007 முதல் 2012 வரை நடந்தது, முதல் வருடம் தவிர 30 நாளில் 100 பக்கம் எழுதுவது. ஒரு மாதத்தில் நாவல் எழுதும் சவாலை நடத்தியவர்களே அதையும் நடத்தினார்கள். அந்த அமைப்பும் 2025-இல் தன்னை மூடிக்கொள்வதாக அறிவித்துவிட்டது. எங்களுக்கு முன்மாதிரி அந்தத் திரைக்கதைச் சவால்தான். ஆனால் அவர்களுடைய 100 பக்கத்தை நாம் எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். கூரியர் என்ற ஃபாண்ட் 12 புள்ளி அளவில் இருந்தால், ஒரு பக்கம் திரையில் சுமாராக ஒரு நிமிடம் என்பது அவர்கள் கணக்கு. தமிழ் எழுத்து அகலம், சொற்களும் நீளம். சோதனைக்காக என் சீன் ஒன்றை ஆங்கிலத்திலும் எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது, தமிழில் ஒன்றே முக்கால் பக்கம் ஓடியது. அதனால் செயலி காட்டும் பக்க எண்ணிக்கையைத் தமிழில் நம்பவே நம்பாதீர்கள்.

நாங்கள் பக்கத்தை விட்டுவிட்டு சீனை எடுத்துக்கொண்டோம். நாளைக்கு இரண்டு, 31 நாளுக்கு 62. சராசரி இரண்டேகால் நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக வைத்தால் இரண்டேகால் மணி நேரப் படம் வந்துவிடும். நீளம் சந்தேகமாக இருந்த சீனை வாய்விட்டுப் படித்து, போன் ஸ்டாப்வாட்சில் பார்த்துக்கொண்டோம். கதை டிஸ்கஷனில் நாம் எப்போதும் பேசுவது சீன் கணக்குதானே. அதனால் "இன்று 23, 24 முடிந்தது. நாளை 25, 26" என்று சொல்வது எல்லோருக்கும் இயல்பாகவும் வந்தது.

இப்போது அந்த = குறி. எங்களில் மூத்தவர் கோ-டைரக்டர் அண்ணன் ஒருவர். பதினெட்டு வருடமாக மற்றவர்களின் கதைகளுக்காக டிஸ்கஷனில் உட்கார்ந்தவர், தன் கதையை முழுதாக எழுதுவது இதுதான் முதல் முறை. பதினைந்து நாளில் 30 சீன், பிசகில்லாமல் வந்துகொண்டிருந்தார். 31-ஆவது சீன் இன்டர்வெல். ஆடி 16 இரவு பத்து மணிக்கு, "இன்று எழுதலை. நாளை 31" என்று வந்தது. மறுநாளும் அதே. ஆடிப்பெருக்கு அன்றும் அதே. எழுதாத நாளிலும் மனிதர் பத்து மணிக்குச் சொல்லத் தவறவில்லை, அதற்காகவே அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

ஆடி 19, திங்கட்கிழமை. நேரில் சந்திக்க முடியாமல் போனில் பேசினோம். "முப்பது சீனையும் படிக்கச் சொல்ல மாட்டேன், சுருக்க வரி மட்டும் அனுப்புறேன், பாருங்க" என்று = போட்ட வரிகளை மட்டும் பொறுக்கி அனுப்பினார். முப்பது வரி, போனில் ஒன்றரைத் திரை. அண்ணன் கதையில் வரும் மீனாவைப் பற்றித் திருநெல்வேலித் தம்பிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அண்ணே, முப்பது வரியில மீனா எங்கயும் எதையும் கேக்கவே இல்லையே. எல்லாரும் அவகிட்ட கேக்காங்க. அவளுக்கு என்ன வேணும்?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஃபேன் சுற்றுகிற ஓசை மட்டும் கேட்டது. பிறகு, "ஆமாடா தம்பி. அதான் இன்டர்வெல் நிக்க மாட்டேங்குது" என்றார். மறுநாள் அவர் 31-ஐத் தொடவில்லை. 9-ஆவது சீனுக்குப் போய், மீனா தன் அப்பாவிடம் வீட்டுப் பத்திரத்தைக் கேட்பதாகத் திருத்தினார். அந்த ஒரே சீன்தான் மாற்றம். ஆடி 21 இரவு, "31 முடிஞ்சிருச்சு" என்று குரல் பதிவு வந்தது. அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் ஷூட்டிங்கில்கூடக் கேட்டதில்லை.

மற்றவரின் முப்பது சீனைத் தினமும் படிக்க யாருக்கும் நேரம் இருக்காது, எண்ணிக்கையை மட்டும் கேட்டால் கதை எங்கே போகிறதென்று தெரியாது. சீனுக்கு ஒரு சுருக்க வரி என்பது இரண்டுக்கும் நடுவில் சரியாக வந்து உட்கார்கிறது. நாம் ஒன்லைன் ஆர்டர் என்று தனிப் பேப்பரில் எழுதி வைப்போமே, அது திரைக்கதைக்குள்ளேயே இருப்பதுபோல. சீனை மாற்றும்போது அந்த வரியையும் அங்கேயே மாற்றிவிடலாம். நீங்கள் தனியாக எழுதினாலும் சரி, கூட்டாகச் சவால் வைத்து எழுதினாலும் சரி, இதை மட்டும் விடாதீர்கள்.

அச்சு விஷயத்தில் எனக்குக் குறை உண்டு. நாங்கள் பயன்படுத்திய ஒரு செயலியில் பி.டி.எஃப் எடுத்தால் தமிழ் வரவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக வந்தது, அதில் தமிழ் ஃபாண்ட்டே இல்லை. ஃபாண்ட்டை நாமே மாற்ற இடம் கொடுக்கும் செயலியாகப் பார்த்து எடுங்கள். நோட்டோ தமிழ் ஃபாண்ட்டுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நான் கடைசியில் எழுத்தை அப்படியே லிப்ரே ஆஃபிஸில் ஒட்டி அச்செடுத்தேன்.

அப்புறம், நம் ஊரில் இன்னும் பலர் சீன் பேப்பரைத் தாளின் இடப்பக்கம் நடப்பு, வலப்பக்கம் வசனம் என்று இரண்டாகப் பிரித்துத்தான் எழுதுகிறார்கள். வசனத்தை மட்டும் தனியாக ஓடவிட்டுப் படிக்க நடிகர்களுக்கு அது வசதி. ஃபவுண்டனில் அந்த வடிவம் வராது. ஆகவே பவுண்ட் ஸ்கிரிப்ட், அதாவது படப்பிடிப்புக்கு முன் கட்டிவைக்கும் முழுத் திரைக்கதை போடும் நேரத்தில் உங்கள் இயக்குநர் அப்படி இரண்டாகப் பிரித்துக் கேட்டால் மறுபடி ஒரு சுற்று வேலை இருக்கிறது. தாளில் பேனாவால் எழுதினால்தான் எனக்கு வசனம் வரும் என்பவர்களை நான் வற்புறுத்த மாட்டேன், என் குருநாதர் அப்படித்தான். ஆனால் முதல் டிராஃப்டை வேகமாக இறக்கி, நான்கு பேரிடம் காட்டி, திருத்தி எழுத நினைப்பவர்களுக்கு, அதுவும் தமிழில், காசில்லாமல், இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று அச்சுக்காக.

ஆடி 31 இரவு நான்கு பேர் 62-ஐ முடித்திருந்தோம். என் கடைசி சீனை அன்று மாலை சாலிகிராமத்து மொட்டை மாடியில் உட்கார்ந்து எழுதினேன், கொடியில் காய்ந்த துணியைக்கூட எடுக்கவில்லை. முடிக்காதவள் போரூரில் இரவு ஷிஃப்டில் வேலை பார்க்கும் தங்கை. அவள் 48-இல் இருந்தாள். மாதம் முடிந்ததும் விட்டுவிடுவாளோ என்று எனக்குக் கவலை. ஆவணி பிறந்த பிறகும் பத்து மணிக்கு அவளுடைய சீன் எண் வருவது நிற்கவில்லை. ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது பஸ்ஸில் இருந்தே அனுப்புகிறாள். நேற்று 57 வந்தது. கீழே, "நாளை 58. முடிஞ்சா 59" என்று போட்டிருந்தாள்.