பழைய வீட்டை இடித்துக் கட்ட எஸ்டிமேட்: செங்கோட்டையில் என் அனுபவம்

எங்கள் தாத்தா கட்டிய வீட்டின் வாசல் நிலையில், மேல் சட்டத்தில் "கொல்லம் 1124 மேடம்" என்று உளியால் கொத்தியிருக்கும். அது மலையாள ஆண்டுக் கணக்கு, நம் கணக்கில் 1949 சித்திரை. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. முன்னால் அகலமான திண்ணை, உள்ளே மரத் தட்டு போட்ட மச்சு, மேலே கொல்லம் ஓடு. தெருவில் எல்லாரும் 'பங்களா' என்றுதான் சொல்வார்கள்.

அந்த வீட்டை 2025 மாசியில் இடித்தோம். மேற்குச் சுவர் வெடித்து விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. சாரல் மாதங்களில் ஒழுகாத அறை ஒன்றுதான். அம்மாவுக்கு 81 வயது, திண்ணைப் படியேற ஆள் பிடிக்க வேண்டும். ரிப்பேர் பார்த்துப் பார்த்துப் போட்ட பணத்துக்கு அளவில்லை. சரி, இடித்துக் கட்டிவிடலாம் என்று முடிவெடுத்தோம்.

இந்த விமர்சனம் கட்டியவரைப் பற்றியது இல்லை. கட்டுவதற்கு முன்னால் கணக்குப் போட்டுக் கொடுத்த இன்ஜினியரைப் பற்றியது. தென்காசியில் இருப்பவர், முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால் போடவில்லை. எஸ்டிமேட்டுக்கு 12,000 ரூபாய், அப்புறம் வேலை நடக்கும்போது மூன்று தடவை வந்து பார்க்க தடவைக்கு 2,500. ஆக மொத்தம் 19,500.

இவரிடம் போவதற்கு முன் ஒரு காண்ட்ராக்டரிடம் கேட்டிருந்தோம். 1,450 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,250 ரூபாய், மொத்தம் 32,62,500 என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்தார். இடிக்கத் தனியாக 85,000, இடித்த மரமும் ஓடும் அவருக்கே. இதில் எதெல்லாம் சேரவில்லை என்று கேட்டேன். "அதெல்லாம் பாத்துக்கலாம் அக்கா" என்றார். நான் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 27 வருஷம் கணக்கு எழுதியவள். 'பாத்துக்கலாம்' என்று ஒரு பத்தியை விட்டுவிட்டுப் பேரேட்டை மூட முடியாது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

இன்ஜினியர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றவர் பதினொன்றரைக்கு வந்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வந்ததும் மனையை அளக்கவில்லை, ஏணி கேட்டார். மச்சில் ஏறி டார்ச் அடித்து, கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு உத்திரத்தையும் சுவரில் உட்காரும் முனையில் குத்திப் பார்த்தார். கரையான் அரித்தது என்றால் உள்ளே இறங்கிவிடும், நல்ல மரம் என்றால் டக்கென்று நிற்கும். எழுபது வருஷத்துக் கரியும் தூசியும் மூடி எல்லாம் ஒரே கறுப்பாக இருந்தது. கத்தியால் ஒரு இடத்தில் சுரண்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே தேன் நிறத்தில் ரேகை ஓடியது. மூக்கருகே கொண்டுபோனால் தேக்குக்கே உரிய அந்த எண்ணெய் வாசனை. பிறந்ததிலிருந்து அந்த மரத்தின் கீழேதான் படுத்திருக்கிறேன். அது தேக்கு என்று எனக்குத் தெரியாது. உத்திரங்களும் நிலைகளும் தேக்கு, கைமரங்களும் மச்சுப் பலகையும் அயினி, அதாவது காட்டுப்பலா என்று பிரித்துச் சொன்னார். எங்கள் தச்சர் ஆசாரி கோல் கணக்கில்தான் பேசுவார். கோல் என்றால் 24 விரல், கிட்டத்தட்ட 72 சென்டிமீட்டர். அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மரத்துக்கும் சாக்பீசால் நம்பர் போட்டு, நீளம் அகலம் கனம் எழுதி, அழுகின முனைகளைக் கழித்து, கன அடியாக மாற்றினார். தேக்கு 48 கன அடி, அயினி 96 கன அடி, முழு ஓடு 1,900.

"அக்கா, இடிக்கிறதுக்கு நீங்க காசு குடுக்க வேண்டாம். ஓட்டைப் பிரிக்கிறது வேற வேலை, சுவரைத் தள்ளுறது வேற வேலை. ரெண்டையும் ஒருத்தர்கிட்ட குடுத்தா மரம் எல்லாம் ஜேசிபிக்கு அடியில போயிரும்."

இந்த ஒரு வார்த்தைக்கே அவருக்குக் கொடுத்த பணம் செல்லும். ஆரியங்காவு தாண்டிப் புனலூர் பக்கத்திலிருந்து பழைய மரம் வாங்கும் இரண்டு பேரை வரவழைத்தோம். கேரளத்தில் பழைய தரவாட்டு (பூர்வீகக் குடும்ப வீட்டு) மரத்துக்கு நல்ல கிராக்கி. முதலில் வந்தவர் மொத்தமாக ஒரு தொகை சொன்னார். இரண்டாவது வந்தவரிடம் கன அடிப் பட்டியலை நீட்டினேன். அவர் நாலு இடத்தில் தானே அளந்து பார்த்துவிட்டு, "கணக்கு சரியா இருக்கு சேச்சி" என்று சொல்லி, தேக்குக்கு கன அடி 2,400, அயினிக்கு 1,100 கொடுத்தார். ஓடு ஒன்று 9 ரூபாய். எல்லாம் சேர்த்து 2,37,900 கையில் வந்தது. ஆள் வைத்து ஒன்பது நாள் கூரை பிரித்த கூலி, கடைசியில் சுவர் தள்ளிய ஜேசிபி வாடகை இரண்டும் 96,000. கழிவு ஏற்றிய டிராக்டர் 14 லோடு, 16,800. அதெல்லாம் போக நிகர வரவு 1,25,100. நாங்கள் கையை விட்டு 85,000 கொடுக்க இருந்த வேலை இது. இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

சுவர் இடிபாட்டிலும் ஒரு கணக்குச் சொன்னார். ரோடு போட்டுப் போட்டு எங்கள் வாசல் தாழ்ந்துவிட்டது, பேஸ்மெண்டை மூன்றடி உயர்த்த வேண்டும். உள்ளளவு 1,200 சதுர அடிக்கு மூன்றடி என்றால் 3,600 கன அடி, அதாவது 36 யூனிட் மண். அதில் 12 யூனிட்டுக்கு இடித்த கல்லும் செங்கல்லுமே ஆனது. ஆனால் பூச்சுச் சுண்ணாம்பு, மரத்துண்டு, சிராய், வேர் எதுவும் அதில் கலக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். மரத்துண்டு உள்ளே போனால் கரையானுக்கு நாமே சாப்பாடு போட்ட மாதிரி. பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது என்பதால் செங்கல் உடையாமல் பிரிந்து வந்தது, சிமெண்டில் கட்டியிருந்தால் வராது. நல்ல கல்லைச் செப்டிக் டேங்க் பக்கத்துத் தடுப்புக்கு வைத்துக்கொண்டோம். மிச்சத்தைக் குளத்துக் கரையில் கொட்டலாம் என்று டிராக்டர்காரர் சொன்னார், நான் விடவில்லை. கட்டடக் கழிவைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது என்று 2016-லேயே விதி வந்துவிட்டது. விதி இல்லாவிட்டாலும் அந்தக் குளத்துத் தண்ணீரில்தான் எங்கள் தெருக்காரர்களின் வயல் விளைகிறது.

இனி எஸ்டிமேட். பதினொரு பக்கம், முழுக்க ஆங்கிலம். அதில் எனக்கு வருத்தம்தான். அம்மாவுக்குப் படித்துக் காட்ட முடியவில்லை. கேட்டதும் மறுவாரம் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார், நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். காண்ட்ராக்டர் தாளில் இல்லாமல் இவர் கணக்கில் இருந்தவை இவை: வரைபடம், அனுமதிக் கட்டணம், தொழிலாளர் நல வரி ஒரு சதவீதம் எல்லாம் சேர்த்து 92,000. செப்டிக் டேங்க், உறிஞ்சு குழி, சம்ப் 1,60,000. காம்பவுண்டு சுவர் 1,85,000. பேஸ்மெண்ட் கூடுதல் உயரம் 1,10,000. பத்து மாத வாடகையும் இரண்டு தடவை சாமான் மாற்றும் செலவும் 93,000. தற்காலிக மின் இணைப்பும் தண்ணீரும் 40,000. மழைநீர் சேகரிப்பு 25,000. கூட்டினால் 7,05,000! வீட்டின் விலையோடு சேர்த்து 39,67,500. அதற்கு மேல் எதிர்பாராததற்கு 5 சதவீதம், 1,98,375.

வாடகையைப் பாருங்கள். இருக்கிற வீட்டை இடிக்கிறவர் கட்டி முடிக்கும்வரை எங்கே இருப்பார்? காலி மனையில் கட்டுகிறவருக்கு இந்தக் கேள்வியே வராது, அதனால்தான் சதுர அடி ரேட்டில் இது தெரிவதே இல்லை. இடிக்கிற செலவுக்கு வங்கியும் கடன் தராது. வீட்டுக் கடன் வேலை ஏற ஏறத்தான் வரும், முதல் தவணைக்கு முன்னால் ஆகிற செலவு முழுக்கக் கையிருப்பிலிருந்து போகும். எவ்வளவு போகும், எந்த மாதம் போகும் என்று தனியாக ஒரு பக்கம் போட்டுக் கொடுத்திருந்தார். அந்தப் பக்கத்தை நான் இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன்.

அனுமதி விஷயத்தில் ஒரு வார்த்தை. 2024-ல் வந்த சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். அது 2,500 சதுர அடி வரை உள்ள மனைக்குத்தான். எங்களுடையது 9 சென்ட், சதுர அடியில் 3,920. ஆகவே வழக்கமான அனுமதிதான். அதை முதல் நாளே சொல்லிவிட்டதால் வீணாக அலையவில்லை.

இவர் எழுதச் சொன்ன ஒப்பந்தத்தில் ஒரு பத்தி மிக முக்கியம். சிமெண்ட், கம்பி, எம்சாண்ட் விலை ஏறினால் நாங்கள் கொடுக்க வேண்டும், இறங்கினால் காண்ட்ராக்டர் குறைக்க வேண்டும். முதல் காண்ட்ராக்டர் இதற்குச் சம்மதிக்கவில்லை, வேறொருவர் அதே 2,250-க்கு எழுத்தில் ஒப்புக்கொண்டார். வேலை தொடங்கி கொஞ்ச நாளிலேயே, 2025 ஏப்ரலில், குவாரிக் கனிமங்களுக்கான கனிம நில வரி வந்து எம்சாண்ட் விலை ஏறியது. புளியரை செக்போஸ்ட்டில் கேரளத்துக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ஊர் இது, கிரஷர் பக்கத்தில் இருந்தும் நமக்கு மலிவு கிடையாது. 30 யூனிட்டுக்கு யூனிட் 600 வீதம் 18,000 கூடுதலாகக் கொடுத்தோம். செப்டம்பர் 22-ல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆனது. பூச்சு வேலைக்கு 250 மூட்டை பாக்கி இருந்தது, மூட்டைக்கு 25 ரூபாய் வீதம் 6,250 கழித்துக்கொண்டார்கள். தொகை சின்னதுதான். ஆனால் எழுத்தில் இருந்ததால் வாய்ச்சண்டை இல்லாமல் முடிந்தது.

இவர் கோட்டை விட்டவையும் உண்டு. வாசல் கதவுகளுக்கும் ஜன்னல்களுக்கும் கொஞ்சம் தேக்கை விற்காமல் நிறுத்தி வைத்தோம், மேலே சொன்ன 48 கன அடியில் அது சேரவில்லை. அதை அறுக்க மரவாடிக்குக் கொண்டுபோனால், பழைய மரத்தில் ஆணி இருக்கும், பிளேடு போய்விடும் என்று கூலி கூட்டிக் கேட்டார்கள். ஆணி பிடுங்க ஆள் கூலி வேறு. 22,000 ஆனது, அது எஸ்டிமேட்டில் ஒரு ரூபாய்கூட இல்லை. வயரிங்கும் குறைவாகப் போட்டிருந்தார். அம்மா அறைக்கும் பாத்ரூமுக்கும் கூடுதல் பாயிண்ட், இன்வெர்ட்டர் லைன் எல்லாம் சேர்ந்து 48,000 ஏறியது. தாத்தா காலத்து ஆதாரம் மலையாளத்தில் இருக்கிறது, வங்கிக்கு அதை மொழிபெயர்த்துக் கொடுக்க 3,500. செங்கோட்டையில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு வரக்கூடிய செலவு இது, இந்தப் பக்கத்து இன்ஜினியர் கேட்டிருக்க வேண்டும். தளம் வைகாசிக்குள் போட்டுவிடலாம் என்று சொன்னார். ஆனிச் சாரலில் மாட்டி, தார்ப்பாய் கட்டிப் போட்டோம், வாடகை இரண்டு மாதம் கூடி 15,000 போனது. டைல்ஸில் மருமகள் ஆசைப்பட்டதற்கு 55,000, அதை இன்ஜினியர் தலையில் போட மாட்டேன்.

எம்சாண்ட், சிமெண்ட் நிகரம் 11,750-ஐயும் சேர்த்து மொத்தக் கூடுதல் 1,55,250. எதிர்பாராததற்கு ஒதுக்கிய 1,98,375-க்குள் அடங்கி, 43,125 மிஞ்சியது. மரம் விற்ற பணத்தைத் தொடவே இல்லை, அது அம்மா பெயரில் டெபாசிட்டாகக் கிடக்கிறது.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரையைக் குறைத்தது மரவாடிக்கும் ஆங்கிலத்துக்கும். நேரம் தவறுவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வந்தால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் இருப்பார்.

பழைய வாசல் நிலை ஐந்தடி ஒன்பது அங்குலம்தான். புது வாசலுக்கு ஏழடி வேண்டும், பொருந்தாது. புனலூர்க்காரர் அதற்கு மட்டும் தனி விலை கேட்டார். இன்ஜினியர் படத்தில் பூஜை அறை வாசலை அந்த அளவுக்குக் குறைத்துப் போட்டுவிட்டார், நாங்கள் கேட்காமலே. இப்போது அம்மா தினமும் விளக்கேற்றக் குனிந்து உள்ளே போகும்போது, தலைக்கு மேலே "கொல்லம் 1124 மேடம்" இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் யாரிடம் எஸ்டிமேட் கேட்டாலும் பட்டா, பழைய ஆதாரம், இ.பி. அட்டை, வீட்டு வரி ரசீது நாலையும் எடுத்து வையுங்கள். மச்சில் ஏற நல்ல ஏணி ஒன்றும் இருக்கட்டும். ஏறாமல் கீழேயே நின்று கணக்குச் சொல்கிறவரை அனுப்பிவிடுங்கள்.