செட்டியார் தெருவில் ஒரு மாடிக் கடையும் மூன்று பொட்டலக் கற்களும்

மகளுக்கு ஒற்றைக்கல் வைரத்தோடு வாங்க வேண்டும் என்று இரண்டு வருடம் சீட்டுக் கட்டினேன். சீட்டு எடுத்த மாதமே தேடத் தொடங்கி, மூன்றாவது கடையில்தான் வாங்கினேன். இது அந்த மூன்றாவது கடையைப் பற்றியது. தன் பெயரையோ கடைப் பெயரையோ எங்கும் எழுத வேண்டாம் என்று முதலாளி கேட்டுக்கொண்டார். அதனால் அடையாளம் மட்டும் சொல்கிறேன். கொழும்பு 11, செட்டியார் தெரு, கதிரேசன் கோயில் பக்கம். கீழே ஒரு பவுண் கடை, அதன் ஓரமாக ஒடுங்கிய மரப்படி, மேலே ஒரே ஒரு அறை. அறையில் ஒரு மேசை, ஒரு தராசு, வடக்குப் பார்த்த ஒரு பெரிய ஜன்னல். அந்த ஜன்னலுக்காகவே இந்தக் கடையைப் பிடித்தது.

முதலில் போனது காலி வீதியில் உள்ள ஒரு பெரிய கடை. பளிச்சென்ற விளக்குகள், குடிக்க நெஸ்கோப்பி, கனிவான பேச்சு எல்லாம் இருந்தன. "ஒரு கரட் வைரத்தோடு, விசேட விலை" என்று 340,000 ரூபா சொன்னார்கள். ஒரு கரட் இந்த விலைக்கா என்று என் கணவர் சந்தோஷப்பட்டுவிட்டார். கையில் வாங்கிப் பார்த்தால், ஒவ்வொரு தோட்டிலும் ஒன்பது பொடிக்கற்கள் பூப்போல நெருக்கிக் கட்டியிருந்தன. பதினெட்டுக் கல்லும் சேர்ந்துதான் அந்த ஒரு கரட். "கரட் கரட்தானே அம்மா" என்றார் விற்பனையாளர். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் தெரியாமல் கேட்கிறவளுக்கு அது உண்மையும் இல்லை. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. இரண்டாவது கடையில் தோட்டை ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்க்க விடவில்லை. அங்கேயிருந்து உடனே இறங்கிவிட்டேன்.

மூன்றாவது கடையின் ஐயாவுக்கு எழுபது வயது இருக்கும். எவ்வளவு காசு வைத்திருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. "நகையைப் பிறகு பார்ப்போம் தங்கச்சி, முதலில் கல்லைப் பாருங்கோ" என்று சொல்லி, மடித்த வெள்ளைக் காகிதப் பொட்டலங்கள் மூன்றை எடுத்து ஜன்னலடி மேசையில் பிரித்தார். மூன்றிலும் 25 சென்ட் கல் ஒவ்வொன்று. ஒரு கரட் என்பது 200 மில்லிகிராம், அதை நூறாகப் பிரித்தால் ஒரு சென்ட். சிலர் பொயின்ட் என்பார்கள். தங்கத்தின் 22 கரட், 18 கரட் எல்லாம் சுத்தத்தைச் சொல்லும் கணக்கு, வைரத்தின் கரட் எடையைச் சொல்வது. என் வயதில் பலர் இதை ஒன்றாகவே நினைத்திருக்கிறோம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

மூன்று கல்லும் ஒரே எடை, ஒரே வட்ட வெட்டு. விலை மட்டும் 165,000, 110,000, 48,000 ரூபா. மேலிருந்து பார்க்க எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அப்புறம் அவர் சாமணத்தால் மூன்றையும் கவிழ்த்து வைத்தார். வைரத்தின் நிறத்தை மேலிருந்து பார்த்துத் தீர்மானிக்கக்கூடாதாம், அதன் மினுக்கம் கண்ணை ஏமாற்றிவிடும். கவிழ்த்தி வெள்ளைக் காகிதத்தில் வைத்துப் பக்கவாட்டில் பார்த்தபோது மூன்றாவது கல் வெளுத்த தேத்தண்ணி நிறமாகத் தெரிந்தது. முதலாவது தண்ணீர். நடுவில் இருந்தது ஏறக்குறைய தண்ணீர்தான், பக்கத்தில் முதலாவதை வைத்தால் மட்டுமே ஒரு துளி மஞ்சள்.

இதற்கு ஜீஐஏ (GIA) என்ற, கற்களின் தரம் பார்க்கும் அமெரிக்க நிறுவனம் ஆங்கில எழுத்து வைத்திருக்கிறது. டீ (D) என்ற எழுத்தில் தொடங்கி செட் (Z) வரை. டீ என்றால் நிறமே இல்லை. முதல் கல் ஈ (E), இரண்டாவது எச் (H), மூன்றாவது கே (K). பிறகு பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியை மகளிடம் கொடுத்து உள்ளே பார்க்கச் சொன்னார். மூன்றாவது கல்லில் கண்ணாடி இல்லாமலே தெரியக்கூடிய ஒரு கரும்புள்ளி இருந்தது. எச் கல்லுக்குள் ஊசி முனையளவு வெள்ளைப் பொட்டு ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க மகளுக்கு ஐந்து நிமிடம் எடுத்தது. உள்ளே எவ்வளவு சுத்தம் என்பதற்கும் தரம் உண்டு, இதன் தரம் விஎஸ் 2 (VS2). முதல் கல்லில், அதைவிட உயர்ந்த விவிஎஸ் 2 (VVS2) தரத்தில், அவள் ஒன்றையும் காணவில்லை. ஐயா வாங்கிப் பார்த்து இடம் காட்டிய பிறகும் எனக்குத் தெரியவில்லை.

"மஞ்சள் தங்கத்தில் கட்டப் போறீங்கள். தங்கத்தின் மஞ்சள் கல்லுக்குள் தெறிக்கும். ஈ நிறத்துக்குக் கூடக் குடுக்கிற 55,000 ரூபாயும் அதிலேயே கரைஞ்சு போகும்" என்றார். விலை கூடிய கல்லை வாங்காதே என்று ஒரு வியாபாரி சொன்னதை நான் என் வாழ்க்கையில் அன்றுதான் கேட்டேன்.

வெட்டைப் பற்றி அவர் நீளமாகக் கதைத்தார். இரண்டு 30 சென்ட் கற்களை அளவுகோலால் அளந்து காட்டினார். ஒன்று 4.3 மில்லிமீட்டர் அகலம், மற்றது 4.0. எடை ஒன்றுதான், ஆனால் இரண்டாவதின் எடை முழுக்க வயிற்றில் இருக்கிறது. தோட்டில் வைத்தால் வயிற்றை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆழமாக வெட்டிய கல்லுக்குள் போகும் வெளிச்சம் பக்கத்தால் கசிந்துவிடுகிறது, நடுவில் இருட்டாக ஒரு வட்டம் தெரிகிறது. பட்டறையில் ஏன் அப்படி வெட்டுகிறார்கள் என்று கேட்டேன். எடைக்காகத்தான். கரட் கணக்கில் விற்கும் பொருளில் எடையைச் செதுக்கி எறிய யாருக்கு மனம் வரும்? உலகத்து வைரங்களில் பெரும்பகுதியைப் பட்டை தீட்டுவது இந்தியாவின் சூரத் நகரம். அங்கேயே 48 சென்ட்டில் நிற்க வேண்டிய கல்லைச் சற்றுத் தடிப்பாக விட்டு 50 ஆக்கிவிடுவார்களாம். ஏனென்றால் 50 சென்ட்டிலும் ஒரு கரட்டிலும் விலை படிக்கட்டு ஏறுவதுபோல ஒரே தாவாகத் தாவுகிறது.

நான் கணக்கு டீச்சர், இது எனக்குச் சும்மா விட முடியாத விஷயம். 25 சென்ட் வட்டக் கல்லின் அகலம் ஏறத்தாழ 4.1 மில்லிமீட்டர், ஒரு கரட் கல்லின் அகலம் 6.5. எடை நான்கு மடங்கு, கண்ணுக்குத் தெரியும் அகலம் ஒன்றரை மடங்கைச் சற்றுத் தாண்டும். விலை? அதே எச், விஎஸ் 2 தரத்தில் ஒரு கரட் கல்லுக்கு அவர் சொன்னது 1,450,000 ரூபா. பதின்மூன்று மடங்கு. பெரிய கல் மண்ணுக்குள் அரிதாகத்தான் கிடைக்கும், அதனால் கரட் ஒன்றின் விலையே ஏறுகிறது. பொடிக்கற்கள் பதினெட்டைச் சேர்த்து ஒரு கரட் என்று சொல்வதில் என்ன பிழை என்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே டொலர். தங்கத்தைப் போலவே வைரத்துக்கும் டொலரில்தான் விலை. 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 வரை போனபோது, பொட்டலத்துக்குள் இருந்த அதே கல் ஒன்றும் செய்யாமலே விலை ஏறியது. அந்த வருடம் வாங்க வந்தவர்களைவிட விற்க வந்தவர்களே கூட என்றார். அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. மேலே கேட்க எனக்கும் மனம் வரவில்லை.

இனி அம்மம்மாவின் தோடு. ஏழுகல் தோட்டில் ஒரு கல் விழுந்து நான்கு வருடமாக அலுமாரியில் கிடந்தது. பழுது பார்க்கலாமா என்று கேட்கக் கொண்டு போயிருந்தேன். நல்ல வைரம், ஆபிரிக்காக் கல் என்று அம்மா சொல்லுவார். ஐயா தோட்டைக் கையில் எடுத்ததும் அறை விளக்கை அணைத்து, கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின் கீழே பிடித்தார். மிச்சமிருந்த பதின்மூன்றில் ஒன்பது கற்கள் நீலமாக ஒளிர்ந்தன. மகள் "அம்மா!" என்று கத்தியே விட்டாள்.

தென்னாபிரிக்காவின் ஜாகர்ஸ்பொன்டெய்ன் சுரங்கத்துக் கற்களுக்கு இந்த நீல ஒளிர்வு பேர்போனது. பழைய ஆட்கள் புளூ ஜாகர் என்று தேடி வாங்கியது அதைத்தான். சுரங்கம் 1971 இல் மூடப்பட்டுவிட்டது. அப்படியென்றால் இது ஜாகரா? "இருக்கலாம். ஆனால் ஒளிர்ற கல் வேறு சுரங்கத்திலும் வரும். தீட்டின கல்லைப் பார்த்து ஊர் பேர் சொல்ல ஏலாது, சொன்னால் நம்பாதேங்கோ" என்றார். இதே இரத்தினபுரி நீலக்கல் என்றால் பிறந்த ஊருக்கு விலை உண்டு. சிலோன் நீலமா, பர்மா நீலமா, காஷ்மீர் நீலமா என்று பரிசோதனைக் கூடமே எழுதித் தருகிறது. வெள்ளை வைரத்தின் வழக்கமான தரச்சான்றிதழில் நாட்டின் பெயரே இருக்காது. பொட்ஸ்வானாவில் தோண்டினாலும் கனடாவில் தோண்டினாலும் எச் என்றால் எச்தான். அவுஸ்திரேலியாவின் ஆர்கைல் இளஞ்சிவப்புக் கற்கள் போலச் சில மட்டும் விலக்கு. 2020 இல் அந்தச் சுரங்கம் மூடிய பிறகு அந்தப் பெயருக்கே தனி மதிப்பு. இன்னொன்று, ரஷ்யக் கற்களுக்கு ஜீ7 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் 2024 ஜனவரி 1 முதல் தடை போட்டதால், வாங்குகிறவர்கள் இப்போது பிறந்த ஊரைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நீல ஒளிர்வுக்கும் இப்போதைய சந்தையில் விலை குறைவு. அம்மம்மா காலத்தில் தேடி வாங்கியதற்கு இன்று கழிவு.

வைரம் என்றால் சத்தம் போடும் சோதிப்பு ஊசியை ஒவ்வொரு கல்லிலும் வைத்தார். பன்னிரண்டு கற்களுக்குச் சத்தம் வந்தது, ஒன்றுக்கு வரவில்லை. எனக்கு நெஞ்சு திக்கென்றது. யாரோ மாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஐயா கண்ணாடியால் நிதானமாகப் பார்த்து, அடிப்பட்டைகளின் விளிம்புகள் இரட்டையாகத் தெரிவதைக் காட்டினார். அது மாத்தறை வைரம். பெயரில்தான் வைரம், உண்மையில் நிறமற்ற சிர்கோன் என்ற வேறொரு இயற்கைக் கல், நம்முடைய தெற்கில் கிடைப்பது. அந்தக் காலத்தில் கல் விழுந்தால் காசில்லாதபோது இதை வைத்துக் கட்டுவார்களாம். தோட்டின் வேலையைப் பார்த்தால் அம்மம்மா தெரிந்தே வைத்திருப்பார் என்றார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவ வைச்சது, இருக்கட்டும்" என்றார். மாற்றவில்லை.

விழுந்த இடத்துக்குப் புதுக் கல் சரிவராது. பழைய வெட்டில் அடி நுனி தட்டையாக இருக்கும், புதுசை வைத்தால் பல்லுப் போல எடுப்பாகத் தெரியும். ஒரு தகரப் பெட்டியில் உடைந்த மூக்குத்திகளிலிருந்து கழற்றிய கற்களைக் கொட்டித் தேடி, ஆறு சென்ட்டில் ஒளிர்கிற ஒன்றையே எடுத்தார். கல்லுக்கும் கூலிக்குமாக 19,000 ரூபா.

செயற்கை வைரத்தையும் கேட்டேன், மகளின் சிநேகிதிகள் அதைத்தான் வாங்குகிறார்கள். அதுவும் வைரமேதான், சோதிப்பு ஊசியும் அதற்குச் சத்தம் போடும், பிரித்தறிய ஆய்வுகூடம் வேண்டும். ஆனால் இயந்திரத்தில் சில வாரங்களில் வளர்வதால் விலை வருடா வருடம் விழுகிறது. 2018 இல், மண்ணிலிருந்து வைரம் தோண்டி விற்கும் டி பியர்ஸ் நிறுவனமே செயற்கைக் கல்லைக் கரட் 800 டொலருக்கு விற்கத் தொடங்கி, பிறகு விலையைக் குறைத்து, 2025 இல் அந்த வியாபாரத்தை மூடுவதாக அறிவித்தது. பெரிய கல் போட்டுப் பார்க்க ஆசை என்றால் தாராளமாக வாங்கலாம், திரும்பக் கொண்டு வந்தால் நான் எடுக்க மாட்டேன் என்றார். இயற்கைக் கல்லுக்கு, மாற்றிக்கொள்ள வந்தால் கல் விலையில் 20 சதவீதம் கழிப்பதாகப் பில்லில் எழுதித் தந்தார்.

நாங்கள் வாங்கியது எச், விஎஸ் 2, 25 சென்ட் கற்கள் இரண்டு. 220,000 ரூபா, 18 கரட் தங்கமும் கூலியும் தனி. கல்லின் விளிம்பில் லேசரால் பொறித்திருந்த இலக்கத்தை மகள் கண்ணாடியில் வாசிக்க, நான் சான்றிதழோடு ஒத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் காசு வாங்கினார்.

குறையும் சொல்ல வேண்டும். படி மிகவும் செங்குத்து, அம்மாவைக் கூட்டிப்போக முடியவில்லை. குளிரூட்டி இல்லை. கார்ட் எடுக்க மாட்டார்கள், வங்கிக்கு மாற்ற வேண்டும். வாகனம் நிறுத்த இடம் தேடியே அரை மணி போனது. புறக்கோட்டையில் இறங்கி நடப்பது நல்லது. வேலையும் சொன்ன நாளைவிடப் பத்து நாள் பிந்தியது. ஆடிவேல் நேரம், பத்தர் லீவு. தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், நான் இரண்டு முறை வீணாகப் போய் வந்தேன். போகிறவர்கள் காலை பதினொரு மணிக்கு முன் போங்கள். பின்னேரம் மழை இருட்டினால் அந்த ஜன்னலால் பிரயோசனம் இல்லை, அவரும் கல் காட்ட மாட்டார், நாளைக்கு வாருங்கள் என்பார்.

கல்லைப் பிடிக்கும் கால்கள் தேய்கின்றனவா என்று பார்க்க ஒரு வருடத்தில் இரண்டு தோட்டையும் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். அதற்குக் காசில்லை. அன்றைக்கு எப்படியாவது படியேறி வந்து, அந்த ஊதா விளக்கில் ஒருதரம் பார்க்க வேண்டுமாம் அம்மாவுக்கு.